மருந்துக்குக் கேட்காத மீன் நோய்: குளத்தில் ஆன்டிபயாடிக் போட்டும் சாவு நிற்கவில்லை

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர் பக்கம் இரண்டு குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். எல்லாம் அரைக் கிலோவைத் தாண்டிய மீன். கொஞ்ச நாளாகக் காலையில் போனால் கரையோரம் மிதக்கின்றன. வயிற்றுப் பக்கம் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி, செதில் கிளம்பி நிற்கிறது, சிலதுக்கு வயிறு உப்பி ஆசனவாய் சிவந்து வெளியே தள்ளியிருக்கிறது. மருந்துக் கடையில் போனில் படத்தைக் காட்டினேன். பாக்டீரியாதான் என்று சொல்லி ஒரு பொடி கொடுத்தார்கள், ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்று போட்டிருந்தது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து பையில் கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்சம் குறைகிற மாதிரி இருந்து மறுபடி ஏறிவிட்டது. திரும்பப் போனால் இதைவிடப் பவர் உள்ளது என்று வேறு பாக்கெட், அதில் என்ரோஃப்ளாக்சசின். அதற்கும் கேட்கவில்லை. பக்கத்துக் குளத்துக்காரர் மெடிக்கலில் அமாக்ஸிசிலின் மாத்திரை வாங்கிப் பொடித்துப் போடச் சொல்கிறார். மூன்றாவதாக என்ன போடலாம், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மாதிரிக்குப்பி எழுதியது:

அண்ணே, மூன்றாவதாக எதையும் போடாதீர்கள். நான் மீன் நோய் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், நீங்கள் சொல்கிற அடையாளம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அமாக்ஸிசிலின். நன்னீர்க் குளத்தில் இப்படிச் சிவந்து சாகிற மீனில் பெரும்பாலும் வருவது ஏரோமோனாஸ் என்கிற பாக்டீரியா, அதிலும் ஹைட்ரோபிலா என்ற வகை. இந்த இனத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் இரண்டையும் உடைக்கிற நொதி பிறவியிலேயே இருக்கிறது. அந்த மாத்திரையைப் போட்டால் குளத்தில் இருக்கிற நல்ல பாக்டீரியாதான் சாகும், இது சாகாது.

அடுத்தது, சாகிற மீன் தீனி எடுக்காது. நீங்கள் தவிட்டில் கலந்த மருந்தைத் தின்றது நோய் வராத மீனும் லேசாக வந்த மீனும்தான். படுத்துவிட்ட மீனுக்கு ஒரு துளியும் போகவில்லை. தின்ற மீனும் முழுசாக உறிஞ்சுவதில்லை, ஆக்ஸிடெட்ராசைக்ளின் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்கிற மருந்து, மீன் குடலில் குறைவாகத்தான் ஏறும், பெரும் பகுதி கழிவோடு தண்ணீருக்கும் சேற்றுக்கும் போய்விடும். பையில் ஊறிக் கரைந்தது வேறு. அந்தச் சேற்றில் வாரக் கணக்கில், சில இடத்தில் மாதக் கணக்கில், பாக்டீரியாவைக் கொல்ல முடியாத அளவுக்குக் குறைவாக மருந்து இருந்துகொண்டே இருக்கும். கொல்லாத அளவு மருந்துதான் ரொம்ப ஆபத்து. அதில் தாக்குப்பிடிக்கிற பாக்டீரியா மட்டும் தங்கிப் பெருகும், உங்கள் அடுத்த குஞ்சு விடுகிற நாளில் அங்கேயே காத்திருக்கும்.

ஒன்று கேட்கிறேன். செத்த மீனை விடுங்கள், உயிரோடு ஓரத்தில் சுற்றுகிற மீனைப் பிடித்துத் துடுப்பின் அடியிலும் செவுள் மூடியின் ஓரத்திலும் பார்த்தீர்களா? பருப்பு மாதிரி தட்டையாக, பச்சை கலந்த நிறத்தில் நகர்கிற ஏதாவது தெரிகிறதா?

கடைவீதி எழுதியது:

நான் மீன் தீவனமும் மருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறேன், டெல்டாவில்தான். சகோதரி சொல்வது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருத்தர் ஈரத் துணியில் மீனைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார், குளத்தின் மேல் கடன், நகை அடகில் இருக்கிறது, காலையில் இன்னும் நூறு மீன் மிதக்கும் என்று கை நடுங்குகிறது. அவரிடம் போய் ஆய்வகத்துக்கு அனுப்பு, முடிவு வரட்டும் என்று சொல்ல முடியுமா? நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார். ஆடு மாட்டுக்கு ஊருக்கு ஊர் கால்நடை மருத்துவர் இருக்கிறார், மீனுக்கு யார் இருக்கிறார்? அந்த இடத்தில்தான் நாங்கள் நிற்கிறோம். எங்களைத் திட்டுவது சுலபம்.

மாதிரிக்குப்பி எழுதியது:

அண்ணே, உங்களைத் திட்டவில்லை. மீனுக்கு மருத்துவர் இல்லை என்று நீங்கள் சொன்னதுதான் இந்தப் பிரச்சினையின் பாதி. ஆனால் அந்த ஏழு மணிக்குச் செய்யக்கூடியது மருந்து கொடுப்பது மட்டும் இல்லை. தீனியை நிறுத்தச் சொல்லலாம். ஏரேட்டர் இருந்தால் ராத்திரி முழுக்க ஓடட்டும், இல்லையென்றால் பம்பு வைத்துத் தண்ணீரைத் தூக்கி அடிக்கட்டும். அமோனியாவும் பி.எச்சும் பார்க்கிற சின்ன கிட் உங்கள் கடையிலேயே இருக்கும், அதைப் போட்டுப் பார்க்கலாம். மீன் உடம்பில் ஒட்டி ரத்தம் உறிஞ்சுகிற பேன் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கலாம். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். ஏரோமோனாஸ் எந்தக் குளத்திலும் எப்போதும் இருக்கிற பாக்டீரியா, மீன் நலமாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. ஏதோ ஒன்று மீனைத் தளர்த்தியிருக்கிறது, அதைச் சரி செய்யாமல் எந்த மருந்தைக் கொட்டினாலும் சாவு திரும்ப வரும்.

ஆய்வகம் என்றால் மாதக் கணக்கு என்கிற எண்ணமும் வேண்டாம். என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உயிர் இருக்கிற மீனை அங்கேயே அறுத்து, முதுகெலும்பை ஒட்டி இருக்கிற சிறுநீரகத்தைத் தொட்டு எடுப்போம். செத்துக் கிடந்த மீன் வேண்டாம் என்பது இதனால்தான், வெயிலில் கிடந்த மீனில் அழுகல் பாக்டீரியா எல்லா இடத்திலும் ஏறிவிடும், எது கொன்றது எது தின்ன வந்தது என்று பிரிக்க முடியாது. எடுத்ததைத் தட்டில் தீற்றி 28 டிகிரியில் வைப்போம். மனிதருக்குச் செய்கிற மாதிரி 35 டிகிரியில் வைத்தால் மீன் பாக்டீரியாவில் பல சரியாக வளராது. மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும், அதிலிருந்து ஒன்றைத் தனியாக எடுத்து வளர்த்து, இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, அதன் மேல் மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைப்போம். அடுத்த நாள் எடுத்தால், கேட்கிற மருந்தைச் சுற்றி வட்டமாகத் தெளிந்திருக்கும், கேட்காத மருந்தின் வில்லை விளிம்பு வரை பாக்டீரியா மொழுமொழுவென்று வளர்ந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்த பண்ணைக்காரர் யாரும் அப்புறம் பவர் உள்ளது எது என்று கேட்டதில்லை. எந்தப் பாக்டீரியா என்று பெயர் சொல்வதோடு சேர்த்து மூன்று நான்கு நாள் வேலை, அவ்வளவுதான்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

பார்த்தேன். இருக்கிறது! செவுள் மூடியிலும் துடுப்பு அடியிலும் ஒட்டிக்கொண்டு, விரலால் தள்ளினால் வழுக்கி ஓடுகிறது. ஒரு மீனில் ஏழெட்டு. ஓரத்து மீன்கள் மூங்கில் கழியில் போய் உரசிக்கொண்டே இருந்தன, அதை நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தேன். உயிர் மீனை ஆக்ஸிஜன் பையில் போட்டு மகனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மாதிரிக்குப்பி எழுதியது:

ஆர்குலஸ், மீன் பேன். அது ஊசி மாதிரி குத்தி உறிஞ்சுகிற இடம் எல்லாம் புண், அந்தப் புண் வழியாகத்தான் ஏரோமோனாஸ் உள்ளே போகிறது. ஆன்டிபயாடிக் பேனை ஒன்றும் செய்யாது. அதனால்தான் கொஞ்சம் குறைந்து மறுபடி ஏறியது.

பேனுக்கு மருந்து என்ன, எவ்வளவு என்பதை மீன்வளத் துறை ஆய்வாளர் குளத்தின் கொள்ளளவைப் பார்த்துச் சொல்லட்டும், இந்தப் பூச்சிமருந்துகள் அளவு மிஞ்சினால் மீனையே கொல்லும், நான் இங்கே எழுத மாட்டேன். மருந்தில்லாத வேலை ஒன்று சொல்கிறேன். ஆர்குலஸ் முட்டையைத் தண்ணீரில் விடாது, கெட்டியான பரப்பில் வரிசையாக ஒட்டி வைக்கும். மூங்கில் தட்டி, பழைய பலகை நாலைந்தைக் குளத்தில் செருகி வையுங்கள், சில நாளுக்கு ஒருமுறை எடுத்து நல்ல வெயிலில் காயப் போட்டுத் திரும்ப வையுங்கள். இருக்கிற கழிகளையும் அப்படியே. முட்டை காய்ந்து போகும்.

உவர்நிலம் எழுதியது:

வேதாரண்யம் பக்கம் வன்னாமி இறால் போடுகிறவன். எங்கள் பக்கம் இந்தக் கதை வேறு விதம். வெள்ளைப்புள்ளி வந்தால் அது வைரஸ், இ.எச்.பி. வந்தால் அது காளான் வகையைச் சேர்ந்த ஒட்டுண்ணி, இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் ஒரு பைசாவுக்குப் பயனில்லை. இது தெரிந்தும் பயத்தில் போடுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அதற்கு விலை உடனே தெரிந்துவிடும். நைட்ரோஃபியூரான் என்ற ஆன்டிபயாடிக் போட்டால் அது உடைந்து வருகிற பொருள் சதையோடு ஒட்டிக்கொள்ளும், சமைத்தாலும் ஐஸில் வைத்தாலும் போகாது, ஐரோப்பியச் சோதனையில் மாட்டும். 2016-இல் இந்திய வளர்ப்பு இறாலுக்கு அவர்கள் சோதனை அளவைப் பத்து சதவீதத்திலிருந்து ஐம்பதாக ஏற்றினார்கள். அதாவது இரண்டு சரக்கில் ஒன்றைச் சோதிப்பது. ஒருத்தன் போட்டது ஊருக்கே வினையானது. ஏற்றுமதிக்குப் போகிற இறாலுக்கு அறுவடைக்கு முன்னால் சோதனை இருக்கிறது, உள்ளூர்ச் சந்தைக்குப் போகிற கெண்டைக்கு யார் சோதிக்கிறார்கள்? அதைத்தான் கேட்கிறேன். நம் பிள்ளைகள் தின்கிற மீன் அதுதானே.

மாதிரிக்குப்பி எழுதியது:

இந்தக் கேள்வி எனக்கும் உண்டு. சட்டம் உள்ளூர் மீனுக்கும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியில் மீனுக்கும் இறாலுக்கும் சேர்த்தே தடைப் பட்டியல் இருக்கிறது: குளோராம்பெனிக்கால், எல்லா நைட்ரோஃபியூரான்களும், நியோமைசின், நாலிடிக்சிக் அமிலம், அப்புறம் ஃப்ளோரோகுயினலோன்கள். வெண்ணாற்றங்கரை அண்ணனுக்கு இரண்டாவதாகக் கொடுத்த என்ரோஃப்ளாக்சசின் இந்தக் கடைசி வகை. கூடாத மருந்து. ஆக்ஸிடெட்ராசைக்ளினுக்குத் தடை இல்லை, ஆனால் கிலோ மீனில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது. அது சதையிலிருந்து இறங்கக் காலம் வேண்டும். அமெரிக்காவில் கெளுத்திப் பண்ணைக்கு இந்த மருந்துக்குக் கடைசித் தீனியிலிருந்து 21 நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள். சோதனை சந்தைக்கு வராததுதான் ஓட்டை.

ராத்திரிப்பணி எழுதியது:

அரசு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் நீங்கள் சொன்ன தெளிந்த வட்டம், விளிம்பு வரை வளர்ந்த பாக்டீரியா, இதை நாங்கள் அறிக்கையில் தினமும் எழுத்தாகப் பார்க்கிறோம். வரிசையாக ஆர், ஆர், ஆர் என்று, அதாவது மருந்து கேட்காது என்று வரும், கடைசியில் கோலிஸ்டின் ஒன்றுதான் மிச்சம் இருக்கும். என்ரோஃப்ளாக்சசின் என்று படித்ததும் நெஞ்சு பதறியது, அது சிப்ரோஃப்ளாக்சசினின் உறவு இல்லையா? மீன் குளத்தில் இருக்கிற பாக்டீரியா மனிதருக்கு வருமா, இல்லை அந்த எதிர்ப்பு மட்டும் வருமா?

மாதிரிக்குப்பி எழுதியது:

தங்கை, உறவு மட்டும் இல்லை, உடம்புக்குள் போன என்ரோஃப்ளாக்சசினில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறும். ஒன்றைத் தாங்கப் பழகிய பாக்டீரியா மற்றதையும் பெரும்பாலும் தாங்கும்.

எதிர்ப்பு வருமா என்றால், வரும். எதிர்ப்பு மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும், அதை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கிற வேறு இனத்துக்கும் கொடுக்கும். மீன் பாக்டீரியாவில் இந்த வளையங்கள் இருப்பதை ஜப்பானில் 1971-லேயே எழுதிவிட்டார்கள். என்ரோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்த குயினலோன் வகை மருந்தைத் தாங்க வைக்கிற கியூ.என்.ஆர். மரபணுக்கள் இன்று மருத்துவமனைக் கிருமிகளில் இருக்கின்றன, அவற்றில் ஒன்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது ஷெவனெல்லா என்ற நீர்வாழ் பாக்டீரியாவில் போய் நின்றது. கோலிஸ்டின் எதிர்ப்பு எம்.சி.ஆர்-1 மரபணுவை 2015-இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள், அது பன்றிப் பண்ணைக் கதை, ஆனால் அடுத்தடுத்துக் கிடைத்த எம்.சி.ஆர்-3 ஏரோமோனாஸிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு கால்நடை, கோழி, மீன் எல்லாவற்றிலும் கோலிஸ்டினைத் தடை செய்தது. உங்கள் வார்டில் மிச்சம் இருக்கிற அந்தக் கடைசி மருந்துதான்.

எல்லா எதிர்ப்பும் மீனிலிருந்து வருகிறது என்று சொன்னால் அது பொய். மருத்துவமனைக் கழிவுநீரும் மருந்து ஆலைக் கழிவும் ஆற்றில் கலந்து நம் குளத்துக்கு வருகிறது, அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கத்துக்கு ஏறுகிறது. தண்ணீர்தான் எல்லாரும் சந்திக்கிற இடம்.

சிராங்கூன் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. நேரடித் தொற்றைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 2015-இல் இங்கே பச்சை மீன் சாப்பிட்ட நிறையப் பேருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே தொற்று வந்தது, ரத்தத்தில், மூளை உறையில் எல்லாம். வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் இல்லை, நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கும். கஞ்சியோடு மெல்லிய துண்டாக நறுக்கிக் கொடுக்கிற நன்னீர் மீன்தான் காரணம் என்று தெரிந்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே பச்சையாகப் பரிமாற நன்னீர் மீனைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டார்கள். வேக வைத்த மீனில் பிரச்சினை இல்லை.

மாதிரிக்குப்பி எழுதியது:

நல்ல தகவல். அதே இனக் கிருமிதான் ஜிலேபிக் கெண்டையில் கண் பிதுங்கிச் சுற்றிச் சுற்றி நீந்திச் சாக வைப்பது, தண்ணீர் சூடு ஏறுகிற கோடையில் அதிகம். நாம் மீனை வேக வைத்துத் தின்கிறவர்கள், பாக்டீரியா செத்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் குளோராம்பெனிக்கால் மாதிரி மருந்து மிச்சம் வெந்தாலும் முழுசாகப் போகாது. மீன் வெட்டுகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள் கையில் காயம் இருந்தால் உறை போடுங்கள்.

கண்ணாடித்தொட்டி எழுதியது:

கொளத்தூரில் வண்ணமீன் வியாபாரம். எங்கள் தெருவில் டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது சர்வ சாதாரணம், தண்ணீர் மஞ்சளாகி நிற்கும், அப்படியே சாக்கடைக்குப் போகும். புது மீன் வந்தால் நோய் வருமுன் ஒரு டோஸ் என்று வழக்கமாகவே ஆகிவிட்டது. இதைப் படித்த பிறகு கேட்கிறேன், மருந்தே இல்லாமல் யாராவது மீன் வளர்த்துக் காட்டியிருக்கிறார்களா, பெரிய அளவில்?

மாதிரிக்குப்பி எழுதியது:

நார்வே. 1987 வாக்கில் அவர்கள் வளர்த்த சால்மன் வெறும் 50 ஆயிரம் டன் அளவு, அதற்குக் கொட்டிய ஆன்டிபயாடிக் கிட்டத்தட்ட 50 டன். இன்று பத்து லட்சம் டன்னுக்கு மேல் வளர்க்கிறார்கள், ஆண்டுக்கு மொத்த ஆன்டிபயாடிக் ஒரு டன்கூட இல்லை. நடுவில் நடந்தது தடுப்பூசி. குளிர்நீர் விப்ரியோ நோய்க்கு முதலில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபியூரன்குலோசிஸ் என்ற கொப்புள நோய்க்கு எண்ணெய் கலந்த ஊசி. குஞ்சை மயக்கி ஒவ்வொன்றாக வயிற்றில் குத்துகிறார்கள், இப்போது அதற்கு எந்திரம் இருக்கிறது. ஊசி மட்டும் இல்லை, ஒரே வயது மீனை ஒரு இடத்தில் வளர்ப்பது, அறுவடை முடிந்ததும் அந்த இடத்தைச் சும்மா போடுவது, மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து கிடையாது என்பது, ஒவ்வொரு சீட்டும் அரசுக் கணக்கில் ஏறுவது, எல்லாம் சேர்ந்து நடந்தது.

கடைவீதி எழுதியது:

அது சால்மன், கிலோ என்ன விலை! நம்ம கட்லாவுக்கு ஒவ்வொன்றாக ஊசி குத்திக் கட்டுப்படியாகுமா? அதே சால்மனை வளர்க்கிற சிலி நாடு ஏன் குறைக்கவில்லை?

மாதிரிக்குப்பி எழுதியது:

சரியான இடத்தில் கேட்டீர்கள். சிலியில் 2014-இல் 500 டன்னுக்கு மேல் ஆன்டிபயாடிக் போனது, பெரும்பாலும் ஃப்ளோர்ஃபெனிக்கால். அங்கே கொல்கிறது பிஸ்கிரிக்கெட்சியா என்ற வேறு பாக்டீரியா, அது மீனின் செல்லுக்கு உள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. ஊசி போட்டும் நெடுநாள் காப்பு நிற்கவில்லை. ஆக, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். கட்லாவுக்கு ஊசி கட்டாது என்பதும் உண்மை. நம் குளத்துக்கு ஏற்றது தீனியோடு கொடுக்கிற மாதிரி அல்லது குஞ்சை முக்கி எடுக்கிற மாதிரி தடுப்பு மருந்து, அது மலிவாகக் கைக்கு வரும்வரை நமக்கு இருக்கிறது தண்ணீரையும் குஞ்சின் தரத்தையும் குளத்தில் மீன் நெருக்கத்தையும் பார்த்துக்கொள்வதுதான். கொளத்தூர்த் தம்பிக்கும் அதேதான், புது மீனுக்கு மருந்துக்குப் பதில் தனித் தொட்டி கொடுத்துச் சில வாரம் பாருங்கள். வலையையும் அந்தத் தொட்டிக்குத் தனியாக வையுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அறிக்கை வந்துவிட்டது. ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா. ஆக்ஸிடெட்ராசைக்ளின் கேட்காது, என்ரோஃப்ளாக்சசின் கேட்காது, அமாக்ஸிசிலினும் கேட்காது. ஃப்ளோர்ஃபெனிக்காலுக்கு வட்டம் வந்திருக்கிறது, ஆனால் ஆய்வகத்தில் மருந்து வேண்டாம், பேனைக் கட்டுப்படுத்து, அடிச்சேற்றைக் கலக்காதே, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று என்றார்கள். துறை ஆய்வாளர் வந்து பேனுக்குச் சொன்னார். சாவு மெல்ல இறங்குகிறது. ஒரு சந்தேகம் அக்கா, என் குளத்தில் இந்த இரண்டு பாக்கெட்டுக்கு முன்னால் எந்த மருந்தும் விழுந்ததே இல்லை, புதுக் குளம். அப்புறம் எப்படி இவ்வளவு மருந்துக்கும் கேட்காத பாக்டீரியா வந்தது?

மாதிரிக்குப்பி எழுதியது:

குஞ்சோடு வந்திருக்கலாம், பொரிப்பகத்தில் மருந்து போடுகிறார்களா என்று கேளுங்கள். வாய்க்கால் தண்ணீரோடும் வரலாம். இன்னொன்று, குளத்துக்கு உரமாக என்ன போடுகிறீர்கள்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

கோழி எரு. நாமக்கல்லிலிருந்து லாரியில் வருகிறது, அப்படியே மூட்டையைப் பிரித்துக் கொட்டுவோம். எல்லாரும் அதுதான்.

மாதிரிக்குப்பி எழுதியது:

அதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கோழிக்குக் கொடுத்த மருந்தும் அதைத் தாங்கிய பாக்டீரியாவும் எச்சத்தோடு வரும். பச்சை எருவைக் கொட்டினால் இரண்டும் நேராக உங்கள் தண்ணீரில் இறங்கி ஏரோமோனாஸோடு கலக்கின்றன. கோழிக் கூண்டைக் குளத்துக்கு மேலேயே கட்டுகிற முறையும் இதே கணக்கு. நன்றாகக் குவித்து, ஈரம் பார்த்து, கிளறிவிட்டு மக்க வைத்தால் குவியலின் உள்ளே சூடு ஏறும், கிருமியும் மருந்தில் ஒரு பகுதியும் அழியும். முழுசாகப் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் பச்சையாகப் போடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

உவர்நிலம் எழுதியது:

இதோடு ஒன்று. புரோபயாடிக் என்று பெயர் போட்டு வருகிற பாக்கெட்டுகளையும் நம்பாதீர்கள். உள்ளே என்ன என்று எழுதாததை வாங்காதீர்கள். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் ஆன்டிபயாடிக் இல்லை என்று பதிவு செய்த இடுபொருள் பட்டியல் வைத்திருக்கிறது, எங்கள் பக்கம் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

கடைவீதி எழுதியது:

அந்தப் பட்டியலை எடுத்துக் கடையில் ஒட்டுகிறேன். என்ரோஃப்ளாக்சசின் மீனுக்கென்று கேட்டு வந்தால் இனிக் கொடுக்கப் போவதில்லை. சகோதரி, மாதிரி அனுப்புவது எப்படி என்று எழுதிக் கொடுங்கள், அதையும் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். யாருக்குத் தகவல் சொல்வது என்பதும் வேண்டும்.

மாதிரிக்குப்பி எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அண்ணே. இப்படி எழுதிக்கொள்ளுங்கள். நோய் கண்ட, ஆனால் உயிருள்ள மீன் நாலைந்து, அதே குளத்துத் தண்ணீரில் ஆக்ஸிஜன் நிரப்பிய பையில். முடியாதென்றால் அப்போதுதான் செத்த மீனைத் தனித்தனிப் பையில் கட்டி ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும், ஃப்ரீசரில் உறைய வைக்கக் கூடாது. ஒரு பாட்டில் குளத்துத் தண்ணீர் தனியாக. கூடவே ஒரு சீட்டில் என்ன மீன், எப்போது விட்டது, எவ்வளவு நெருக்கம், என்ன தீனி, என்ன எரு, இதுவரை என்னென்ன மருந்து போட்டது. கடைசியாகச் சொன்னதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள், மருந்து போட்ட மீனில் பாக்டீரியா வளராமல் போனால் ஆய்வகம் குழம்பிவிடும். டெல்டாவுக்கு நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம் பக்கம், சென்னைப் பக்கத்தவர்களுக்கு மாதவரத்தில் இருக்கிற ஆய்வகம். கிளம்புமுன் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போகட்டும். போனில் 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற செயலியும் இருக்கிறது, மத்திய மீன்வளத் துறை 2023-இல் விட்டது, அதில் படத்தோடு பதிவு செய்தால் தகவல் நேரே மாவட்ட அலுவலருக்குப் போகும்.